துவாய் ஹீற்றரின் கறுப்பு வயர்

அத்தியாயம் 9

வெயில் தாங்காமல் காகங்களே வாய் பிளந்து நிற்கும் ஓகஸ்ட் மாதத்தில், பேசாலையில் ஒரு வீட்டுக் குளியலறையில் துவாயைச் சூடாக்குவதற்கென்றே கரண்ட் மெஷின் ஒன்று இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளுக்கு ஒரு செவ்விளநீர் வெட்டிக் கொடுத்து நிழலில் படுக்கச் சொல்லியிருப்பேன். சொன்னது மதுஷிகா. அதுவும் அழுதுகொண்டு சொன்னாள். சிரிப்பை விழுங்கிவிட்டு அவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

டிலோஜினி மிஸ்ஸின் கந்தோர் மன்னார் பட்டினத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. மிஸ் முன்பு கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் இருந்தவர். எரிந்த கடை தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று பார்ப்பதுதான் அங்கே அவர் வேலை. இப்போது எங்கள் மன்னார்த் தீவுக்கு இருக்கும் ஒரே துப்பறிவாளர். நான் பஸ்ரியன். வயது ஐம்பத்திரண்டு. மிஸ்ஸின் உதவியாளர், ஓட்டோச் சாரதி, தேநீர்ப் பொறுப்பாளர் எல்லாம் நான்தான். அதற்கு முன் கடலுக்குப் போனேன். இரண்டு தொழிலிலும் மூக்கு நன்றாக இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

“என்ரை மனுசன் செய்யாத பிழையைச் செய்தனான் எண்டு பொலிசிலை எழுதிக் குடுத்திட்டார் மிஸ்” என்றாள் மதுஷிகா. “நாளைக்கு வழக்கு. கோட்டிலையும் ஓம் எண்டுதான் சொல்லுவாராம். சொன்னால் ஜெயில். வெளியிலை வந்தாலும் இந்தத் தீவிலை ஒருத்தரும் அவரை ஒரு பல்ப் மாத்தக்கூடக் கூப்பிடாயினம்.”

அவள் புருஷன் நிறோஜன் வயரிங் வேலைக்காரன். பேசாலையில் பாதி வீடுகளில் வெளிச்சம் அவன் கைவேலை. என் வீட்டு மின்விசிறியும் அவன் பூட்டியதுதான். விசிறி சத்தம் போடாது. நிறோஜனும் அப்படித்தான்.

“முதலிலை இருந்து சொல்லுங்கோ” என்றார் மிஸ்.

கதை இதுதான். பேசாலை மாக்கிறட் அம்மாவின் மகள் றொசானா பிரான்சில் இருக்கிறாள். ஊரில் பழைய வீட்டை இடித்து, தாய்க்கென்று புது வீடு கட்டினாள். அதோடு நிற்காமல், அங்கே தன் குளியலறையில் இருப்பது போலவே, ஏணி மாதிரி குறுக்குக் கம்பிகள் வைத்த ஒரு துவாய் ஹீற்றரையும் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டாள். போன ஒக்டோபரில் நிறோஜன் அதைப் பூட்டிக் கொடுத்தான். இந்த ஓகஸ்டில் மாக்கிறட் அம்மா மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய், அங்கே ஒரு கிழமை கூடாரத்தில் இருந்துவிட்டு, பதினாறாம் திகதி வீட்டுக்கு வந்தார். அழுக்குத் துணிகளைப் போட வோஷிங் மெஷினைத் தொட்டார். கரண்ட் அவரைத் தூக்கி எறிந்துவிட்டது. உள்ளங்கை கருகி, இடுப்பெலும்பு முறிந்து, இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மூன்றாம் நாள் நிறோஜன் தானாகவே பொலிசுக்குப் போய்ப் பழியை ஏற்றுக்கொண்டான். வழக்கு வரும்வரை விளக்கமறியலில் வைத்துவிட்டார்கள்.

மதுஷிகா வாக்குமூலத்தின் நகலை நீட்டினாள். மிஸ் சத்தமாக வாசித்தார்.

‘பிரான்சிலிருந்து வந்த ஹீற்றரில் மண்ணிறம், நீலம், கறுப்பு என மூன்று வயர்கள் இருந்தன. கறுப்பை நியூட்ரல் என்று தவறாக எண்ணி இணைத்தேன். மிஞ்சிய நீலத்தை ஏர்த்தில் இணைத்தேன். பிழை என்னுடையது.’

“நம்பக்கூடிய பிழைதான்” என்றார் மிஸ். “எங்கடை பழைய வயரிலை சிவப்பிலை கரண்ட் வரும், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். பழைய பழக்கத்திலை கை போயிருக்கும்.”

“போகேல்லை மிஸ். எனக்குத் தெரியும். அண்டைக்கு அவருக்குக் கையாளா நான்தான் போனனான்.” அவள் கண்ணைத் துடைத்தாள். “பிரான்ஸ்காரரின்ரை கறுப்பு வயர் வேறை சாமானாம். அங்கை ஹீற்றருக்குக் கூட்டு, குறை எண்டு கட்டளை அனுப்புறதுக்கு வச்சிருக்கினமாம். இஞ்சை அதுக்கு வேலையில்லை. றொசானா அக்காவைப் போனிலை கூப்பிட்டு, அவவின்ரை ஹீற்றரோடை வந்த புத்தகத்தை வரிவரியா வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் பூட்டினவர். கறுப்பு நுனியிலை மூண்டு சுத்து டேப் சுத்தி, ஒண்டோடையும் சேர்க்காமல் மடிச்சு உள்ளை விட்டவர். கத்தரிக்கோல் இல்லை. டேப்பை நான் பல்லாலைதான் கடிச்சுக் குடுத்தனான்.”

“பிறகு ஏன் இப்பிடி எழுதிக் குடுத்தவர்?”

“ஆரோ வெருட்டியிருக்கினம் மிஸ். கேட்டால் முகத்தைத் திருப்புறார். அவர் எனக்கு ஒண்டும் மறைக்கிற ஆளில்லை.”

கடைசி வசனத்தை அவள் சொன்ன உறுதியைப் பார்த்து எனக்கே என் புருஷ லட்சணத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. என் மனுசி என்னைப் பற்றி அப்படிச் சத்தியம் பண்ண மாட்டாள்.

“பஸ்ரியன் அண்ணை, ஓட்டோவிலை எண்ணெய் இருக்கோ?” என்று மிஸ் எழுந்தார்.

“பேசாலைக்குப் போக இருக்கு. திரும்பி வரத்தான் நீங்கள் நேர்த்தி வைக்கவேணும்.”

வீட்டுக் கதவைத் திறந்தது றொசாந்தன். றொசானாவின் தம்பி. தாயோடு அந்த வீட்டில் இருந்து பார்த்துக்கொள்பவன். ஒரு காலத்தில் நானும் அவனும் ஒரே போட்டில் ஆறு வருஷம் தொழில் செய்தோம். ஒரே போத்தலில் தண்ணீர் குடித்து, ஒரே பாயில் படுத்தவர்கள். என்னைக் கண்டதும் தோளில் கை போட்டான்.

“மச்சான், எத்தினை நாளாச்சு! வாங்கோ மிஸ், வாங்கோ. மதுஷிகா, அழாதை தங்கச்சி. எனக்கு உன்ரை மனுசனிலை ஒரு கோவமும் இல்லை. மனுசர் எண்டால் பிழை விடுவினம்தானே. கோட்டிலையும் நான் அவனுக்கு நல்லமாதிரித்தான் சொல்லுவன்.”

குளிர்சோடா கொடுத்தான். கதிரைக்கு விசிறியைத் திருப்பிவிட்டான். இப்படி ஒரு நல்ல மனுசன் எனக்குச் சிநேகிதனாக இருக்கிறானே என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

“அவர் விட்ட பிழையை ஒருக்காப் பாத்தால் இவவின்ரை மனம் ஆறும்” என்று மிஸ் மெதுவாகச் சொன்னார். றொசாந்தன் தயங்காமல் குளியலறையைக் காட்டினான். பொலிஸ் வந்து படம் எடுத்துவிட்டுப் போய்விட்டதாம். மறைக்க ஒன்றும் இல்லையாம்.

வெள்ளை மாபிள் பதித்த அறை. ஹீற்றர் ஒரு மூலையில் வெள்ளை ஏணி போல நின்றது. சுவரில் சாய்ந்து வானத்துக்கு ஏறப் போகிறதோ என்று கேட்கலாம். மிஸ் நாலு பக்கமும் பார்த்தார்.

“குளிக்கிற இடத்திலை இருந்து தண்ணி தெறிக்காத தூரம். சுவிச் அறைக்குள்ளை இல்லை, ஈரக்கை படாமல் வெளியிலை. இதுக்கெண்டு தனி ட்ரிப் சுவிச். எங்கையாவது கரண்ட் வழி தவறினால் கண் மூடித் திறக்கமுந்தி விழுத்திவிடும்.” மிஸ் என் பக்கம் திரும்பினார். “இவ்வளவு கவனமாச் செய்தவன் வயர் நிறத்திலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டானாம்.”

“களைச்சிருப்பான் மிஸ்” என்றான் றொசாந்தன்.

மெயினை நிறுத்தினோம். மிஸ் தன் டெஸ்டரால் இரண்டு முறை தொட்டுப் பார்த்து, கரண்ட் இல்லை என்று உறுதிசெய்த பிறகே சுவர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். எரிந்த கடைகளில் வாழ்ந்தவருக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு.

உள்ளே ஒரு முழம் வயர் சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. சிவப்பு, கறுப்பு, பச்சை. ஒரு முனை வீட்டு வயரோடு. மறு முனை ஹீற்றரோடு. ஹீற்றரின் மண்ணிறத்தைச் சிவப்போடு முறுக்கியிருந்தது. கறுப்பைக் கறுப்போடு. போக இடமில்லாத நீலத்தைப் பச்சையோடு.

“வாக்குமூலத்திலை இருக்கிற மாதிரியே” என்று றொசாந்தன் பெருமூச்சு விட்டான்.

மதுஷிகா என் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்தாள். “இது இல்லை” என்று மெல்லச் சொன்னாள். “இந்தச் சிவப்பு வயர் அண்டைக்கு இல்லை.”

மிஸ் அதைக் கேட்காதவர் போலக் குனிந்து, ஹீற்றரின் குறுக்குக் கம்பிகளின் அடியைத் தடவினார். விரலில் எதுவோ ஒட்டியது. பச்சை நைலோன் நூல், உருகிக் கம்பியோடு பிடித்துக்கொண்டது. நான் கிட்டப் போய் மோந்தேன். சவர்க்கார வாசம், பினாயில் வாசம், அவற்றுக்கும் கீழே ஒளிந்துகொண்டு என் பழைய தொழிலின் வாசம்.

“மிஸ், இந்தத் துவாய் கடலிலை இருந்து வந்திருக்கு” என்றேன்.

“என்ன மீன்?”

“மீன் இல்லை. அவிச்ச கடலட்டை. கலியாண மண்டபத்திலை நிண்டாலும் நான் கண்டுபிடிப்பன்.”

றொசாந்தன் சிரித்தான். “மச்சானுக்கு எங்கை பாத்தாலும் அட்டை. மிஸ், சோடா குடிக்கேல்லை.”

மிஸ் வயரைப் போனில் படம் பிடித்து, நூலைச் சுரண்டி ஒரு பேப்பரில் மடித்துக்கொண்டு, மூடியைப் பூட்டினார். வோஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், தண்ணீர்ப் பம்ப் எல்லாவற்றின் பிளக்கையும் என்னைக் கழற்றச் சொன்னார். எல்லோரையும் செருப்போடு வெளி விறாந்தையில் நிறுத்தினார். “இனி மெயினைப் போடுங்கோ அண்ணை. ஒருத்தரும் ஒண்டையும் தொடக்கூடாது.”

போட்டேன். மிஸ் ஹீற்றர் சுவிச்சைத் தட்டினார்.

டக்.

ட்ரிப் சுவிச் விழுந்தது. நான் தூக்கிவிட்டேன். மிஸ் திரும்பத் தட்டினார். டக். மூன்றாம் தரமும் அதே டக். மிஸ் ஹீற்றர் சுவிச்சை நிறுத்திவிட்டு எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்.

“பாத்தியளே” என்றான் றொசாந்தன். குரலில் துக்கம் சரியாக அளந்து போட்டிருந்தது. “பிழைதான். தங்கச்சி, மனசைத் தேத்திக்கொள்.”

“ஓம், பிழைதான்” என்றார் மிஸ். “நிறோஜன் ஒக்டோபரிலை இப்பிடி முறுக்கியிருந்தால், முதல் தட்டிலையே ட்ரிப் விழுந்திருக்கும். அடுத்த தட்டிலையும் விழுந்திருக்கும். உங்கடை அக்கா அனுப்பின ஹீற்றர் ஒரு நாளும் சூடாகியிருக்காது. சூடாகினதோ?”

“அது... ஓம். கிறிஸ்மசுக்கு அக்கா வந்து நிண்டவ. போட்டவ.”

“சூடான துவாயாலை துடைச்சவவோ?”

“துடைச்சவ.”

“அப்ப கிறிஸ்மஸ் வரைக்கும் வயர் சரி. பிறகுதான் ஆரோ கை வச்சது. வச்சவருக்கும் ட்ரிப் விழுந்திருக்கும். விழ விழ எரிச்சல் வந்திருக்கும். ட்ரிப் சுவிச்சின்ரை மேலுக்கும் கீழுக்கும் ஒரு துண்டு வயரை நேரை குடுத்து, அதை வாய் மூடப் பண்ணியிருக்கிறார். ஆணி ரெண்டிலையும் புதுக் கீறல் நிக்குது. ஆள் விழுந்த பிறகு அந்தத் துண்டை மட்டும் கழட்டிப்போட்டுப் பொலிசைக் கூப்பிட்டவர். ட்ரிப் வேலை செய்திருந்தால் உங்கடை அம்மாவுக்கு ஒண்டும் நடந்திருக்காது றொசாந்தன்.”

றொசாந்தன் சோடாக் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆனா அம்மா ஹீற்றரைத் தொடேல்லையே மிஸ்” என்று நான் கேட்டேன். “தொட்டது வோஷிங் மெஷினை. அது அடுத்த அறை.”

“அதுதான் இதிலை கொடுமை. நீலம் ஏர்த்தோடை சேர்ந்தால் ஹீற்றருக்குப் போன கரண்ட் மண்ணுக்குள்ளாலைதான் திரும்பவேணும். இந்த ஊர் மண் ஓகஸ்டிலை வறண்ட மணல். அதுக்குள்ளை கரண்ட் லேசிலை இறங்காது. இறங்காத கரண்ட் ஏர்த் வயரிலை நிண்டு, அந்த வயர் போற இடமெல்லாம் போகும். ஃபிரிட்ஜ், பம்ப், வோஷிங் மெஷின், எல்லாம். ஆக்களைக் காப்பாத்தப் போட்ட வயராலைதான் அம்மாவுக்கு அடிச்சது.”

கழற்றிய பிளக்குகளைத் திரும்பிப் பார்த்தேன்.

“இனி அந்தச் சிவப்பு வயர்” என்று மிஸ் தொடர்ந்தார். “இது புது வீடு. சுவர் முழுக்க மண்ணிறமும் நீலமும்தான் ஓடுது. பழைய நிற வயர் பழைய வீடு இடிச்ச ஆளிட்டைத்தான் கிடக்கும். அண்ணை, வெயில் சும்மா கொளுத்துற ஊரிலை ஒரு சாமானைக் கரண்டிலை காய வைக்கிறவன் எதுக்குப் பயந்தவன்?”

“வெயிலுக்கு இல்லை. பக்கத்து வீட்டுக் கண்ணுக்கு.”

“ஊரிலை பாதிப் பேர் மடுவுக்குப் போன கிழமை. அம்மாவும் இல்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வாங்கின கடலட்டையை அவிச்சாச்சு. காய வைக்க முற்றத்திலை விரிச்சால் மிச்சப் பேர் காணுவினம். ஹீற்றரைச் சுவரிலை இருந்து கழட்டி, ரெண்டு கல்லிலை படுக்க வச்சு, பச்சை நைலோன் வலையை விரிச்சு, அட்டையைப் பரப்பினால் அருமையான அடுப்பு. வயர்தான் எட்டாது. பழைய வயரிலை ஒரு முழம் வெட்டி ஒட்டு. அம்மா விழுந்த பிறகு ஹீற்றரைத் திரும்பச் சுவரிலை மாட்டேக்கை அந்த முழத்தைப் பெட்டிக்குள்ளை திணிச்சாச்சு. மண்ணிறம் சிவப்புக்குக் கிட்ட. நீலம் என்னெண்டு தெரியேல்லை. ஆனா கறுப்பைக் கறுப்போடை சேர்க்க ஆரும் படிக்கத் தேவையில்லை.”

அந்தக் கடைசிப் பிழை எங்கள் ஊர்ப் பிழை. பழைய வீட்டு வயரையும் வெளிநாட்டுச் சாமானையும் ஒன்றாக வைத்திருக்கும் ஊரில்தான் அது நடக்கும். நானாக இருந்தாலும் அப்படித்தான் முறுக்கியிருப்பேன். ஆனால் முறுக்கிவிட்டு இன்னொருவன் தலையில் கட்டியிருக்க மாட்டேன்.

“எடேய்” என்றேன். வேறு பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை. “உன்னைப் பெத்த மனுசி அங்கை இடுப்பு உடைஞ்சு கிடக்குது. நீ எங்களுக்குச் சோடா ஊத்துறாய்.”

றொசாந்தன் கதிரையில் உட்கார்ந்தான். அழுவான் என்று நினைத்தேன். அவன் மதுஷிகாவை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு குற்றவாளியின் பயம் இல்லை. அதுதான் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது.

“அம்மா பதினேழாம் திகதி வாறன் எண்டு சொன்னவ. ஒரு நாள் முந்தி வந்திட்டா” என்றான். “ஓம், நான்தான் முறுக்கினனான். ஆனா நான் நிறோஜனை ஏமாத்தேல்லை மிஸ். அவனுக்கு எல்லாம் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அம்மா விழுந்த அண்டைக்குப் பின்னேரமே அவன் வந்து பெட்டியைத் திறந்து பாத்தவன். பாத்த உடனை சொன்னவன், கறுப்பைக் கறுப்போடை முறுக்கினது நீதான் எண்டு. பொலிசுக்குச் சொல்லப் போறன் எண்டு நிண்டவன். நான்தான் ஒரு கதை கதைச்சனான்.”

“வெருட்டினியளோ?” மதுஷிகா இடையில் புகுந்தாள். “என்ன சொல்லி வெருட்டினியள்?”

“வெருட்டேல்லை தங்கச்சி.” அவன் எழுந்து போய் அலுமாரியைத் திறந்து ஒரு மண்ணிற உறையை எடுத்து வந்தான். மிஸ்ஸிடம் கொடுக்கவில்லை. அவளிடமே நீட்டினான். “அக்கா அவனைப் பிரான்சுக்கு எடுப்பா எண்டு சொன்னனான். அதுக்குத்தான் அவன் சம்மதிச்சது.”

உறைக்குள் ஒரு பிரான்ஸ் விசா விண்ணப்பப் படிவம். நிறோஜனின் கையெழுத்தில் நிரப்பியது. மூலையில் அவன் படம். மதுஷிகா படிவத்தை வாசிக்கவில்லை. படத்தைத்தான் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“இந்தச் சேட்டு” என்றாள். “பொலிசுக்குப் போறன், நல்ல சேட்டு ஒண்டு தா எண்டு கேட்டவர். மடுவுக்கு எண்டு வாங்கினதை எடுத்து நான்தான் ஸ்திரி போட்டுக் குடுத்தனான். எனக்கு அழுகை வந்து, கொலரிலை கண்ணீர் விழுந்து, திரும்பவும் ஸ்திரி போட்டனான். அவர் அதைப் போட்டுக்கொண்டு முதலிலை ஸ்ரூடியோவுக்குப் போயிருக்கிறார்.”

விசிறி மட்டும் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பூட்டியதும் நிறோஜன்தான்.

மிஸ் படிவத்தை வாங்கிக் கண்ணை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. அவர் அதை மறைக்கப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். மதுஷிகா அதற்குள் கண்டுவிட்டாள்.

குடும்ப நிலை: விவாகமாகாதவர்.

“அங்கை ஒரு பொம்பிளையோடை பேப்பரிலை கலியாணம்” என்று றொசாந்தன் முணுமுணுத்தான். “அப்பிடித்தான் எல்லாரும் போகினம். பிறகு அதை வெட்டிப்போட்டு...”

“பொம்பிளை ஆர்?” என்றார் மிஸ்.

“அக்காவுக்குத் தெரிஞ்ச ஒரு ஆள்.”

“பேர்?”

அவன் படிவத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான். மிஸ் கொடுக்கவில்லை.

“அக்காவுக்கு இதொண்டும் தெரியாது, என்ன? பொம்பிளையும் இல்லை. குற்றத்தை ஒத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போனவனுக்கு எந்த நாடு விசா குடுக்கும் எண்டு நிறோஜன் யோசிக்கேல்லை. நீங்கள் யோசிச்சனீங்கள்.” மிஸ் மேசையில் கிடந்த தன் போனை எடுத்து, பதிவை நிறுத்தினார். “நானும் கொஞ்சம் யோசிச்சனான்.”

திரும்பி வரும்போது ஓட்டோவின் பின்சீட்டில் மதுஷிகா மடியில் உறையை வைத்துக்கொண்டு இருந்தாள். நான் வழக்கமாக வழியில் பத்துப் பகிடியாவது விடுவேன். அன்று ஒன்றும் வரவில்லை. ஆறு வருஷம் ஒரே போட்டில் போனவனின் கை என் தோளில் இன்னும் இருப்பது போலவே இருந்தது. துவாயால் துடைத்துக்கொண்டேன்.

“மிஸ்” என்று அவள் பாதி வழியில் கேட்டாள். “இதைக் குடுத்தால் அவர் வெளியிலை வருவார்தானே?”

“வருவார். பிழை அவரிலை இல்லை எண்டது நிரூபணம். பொய் வாக்குமூலத்துக்கு ஒரு கேள்வி இருக்கும். ஜெயில் வராது எண்டு நினைக்கிறன்.”

“குடுக்காட்டி?”

“குடுக்காட்டி நாளைக்கு அவர் ஓம் எண்டு சொல்லுவார். சாமான் உங்கடை கையிலை. நான் உங்களுக்குத்தான் துப்பறிஞ்சனான்.”

மறுநாள் காலை மன்னார் நீதிமன்ற வளவில் சிறைச்சாலை பஸ் வந்து நின்றது. ஜன்னலுக்குக் கம்பிவலை. அதற்குப் பின்னால் நிறோஜனின் முகம். மனுசியைக் கண்டதும் அது வழக்கம் போலத் திரும்பியது.

மதுஷிகா வலைக்குக் கிட்டப் போய் நின்றாள். நானும் மிஸ்ஸும் பின்னால் நின்றோம். அவள் விண்ணப்பப் படிவத்தை விரித்து வலையில் வைத்துப் பிடித்தாள். அவன் திரும்பினான். மூலையில் தன் படத்தைக் கண்டான்.

“உனக்காகத்தான் மது” என்றான். “போய்ச் சேர்ந்திட்டு உன்னைக் கூப்பிடலாம் எண்டுதான்...”

“எப்பிடிக் கூப்பிட்டிருப்பியள்? விவாகமாகாதவர்ரை மனுசி எண்டோ?”

அவன் தலை குனிந்தது.

“அங்கை பொம்பிளை இல்லை. றொசானா அக்காவுக்கு ஒண்டும் தெரியாது. ஜெயிலுக்குப் போனவனுக்கு விசாவும் இல்லையாம். றொசாந்தன் அண்ணை உங்களை நல்லா ஏமாத்திப்போட்டார்.” அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “எனக்கு அது கவலை இல்லை. என்னை ஏமாத்தினது அவர் இல்லைத்தானே. ஊர் முழுக்கப் போய், என்ரை மனுசன் எனக்கு ஒண்டும் மறைக்கமாட்டார் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சன். இந்த மிஸ்ஸுக்கும் அதைத்தான் சொன்னனான்.”

“மது...”

“பொறுங்கோ.” அவள் திரும்பி, விறாந்தையில் நின்ற அவன் சட்டத்தரணியிடம், மிஸ் கட்டிக் கொடுத்த இன்னொரு உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சிவப்பு வயர்ப் படங்கள், நைலோன் நூல், போனில் இருந்த பதிவு எல்லாம் அதற்குள் இருந்தன. சட்டத்தரணி உள்ளே பார்த்துவிட்டுக் கண்களை அகல விரித்தார். “இது போதும் அம்மா. உங்கடை மனுசன் தப்பிட்டார்.”

நிறோஜன் அதைக் கேட்டான். விரல்களால் வலையைப் பிடித்துக்கொண்டான். அழத் தொடங்கிவிட்டான். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துத்தான் அழுதான் என்பது எனக்கு விளங்கியது. எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது.

மதுஷிகா வலைக்குக் கிட்டத் திரும்பி வந்தாள். கைப்பையில் இருந்து ஒரு கறுப்பு டேப் சுருளை எடுத்தாள். ஒக்டோபரில் மிஞ்சியது.

“ஒண்டு கேக்கிறன், வடிவாச் சொல்லுங்கோ. பிரான்ஸ் ஹீற்றரிலை அந்தக் கறுப்பு வயர் வந்தால் என்ன செய்யவேணும்?”

அவன் மூக்கை உறிஞ்சினான். ஏன் கேட்கிறாள் என்று புரியவில்லை. ஆனாலும் தொழில் கேள்வி. வாய் தானாகச் சொன்னது.

“நுனியிலை டேப் சுத்தி... ஒண்டோடையும் சேர்க்காமல்... மடிச்சு விடவேணும்.”

“ஏன்?”

“சேர்த்தால் பிழைச்சுப் போகும்.”

“ஓம்.” அவள் டேப்பில் ஒரு துண்டைப் பல்லால் கடித்து எடுத்து, அவன் விரல்கள் பிடித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வலையில் ஒட்டினாள். “நீங்கள் எனக்குப் பழக்கின வேலை. உங்களை நான் அப்பிடித்தான் விடப்போறன்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நிற்கவில்லை. நேராக ஓட்டோவுக்கு வந்து ஏறினாள்.

“பஸ்ரியன் அண்ணை, வீட்டை விடுங்கோ. அவரின்ரை உடுப்பெல்லாம் கட்டி வைக்கவேணும்.”

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் தலையசைத்தார். பஸ்ஸுக்குள் இருந்து அவன் அவள் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டான். நான் ஓட்டோவை எடுத்தேன். பேசாலைப் பாதையில் தாராபுரம் தாண்டும்வரை கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. டேப் சுருள் மட்டும் அவள் கைக்குள் கசங்கிக்கொண்டிருந்தது.